ஹில்டா மதினியின் தட்டு

எண்ணெய் இன்னும் காயவில்லை. காய்ந்தால் முறுக்கு அச்சின் காம்பு வழியாக ஒரு சிறு துடிப்பு கைக்கு ஏறும், அது இன்னும் ஏறவில்லை. மணி இரண்டே கால். நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு ஹில்டா மதினி தட்டை எடுக்க வருவாள். தட்டு அடுப்பு மேடையின் ஓரத்தில் இருக்கிறது, அவள் மூடிக் கொண்டுவந்த வெள்ளைத் துணியோடு. காலையில் அவளே கொண்டுவந்தாள். அவளே. நான் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஏழு வருஷம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுத் தட்டு அவர்களுடைய வேலைக்காரி கையில்தான் வரும். வாங்கி வைத்துக்கொண்டு, எங்கள் பலகாரம் முடிந்த பிறகு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, அதே தட்டை நிறைத்து அனுப்புவேன். எப்போது வரும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்த வருஷம் ஹில்டா மதினி தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் படியேறி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "தட்ட நானே நாலு மணிக்கு வந்து எடுத்துக்கிடுதேன்" என்றாள். எங்கள் தெருவில் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள், கொடுத்தவர்களே அன்றைக்கே வந்து தட்டை எடுத்துப் போவார்கள், காலியாக. மற்ற நாளில் ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டிலிருந்து காலியாகத் திரும்பாது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். காலித் தட்டைக் கொடுத்தால், ஆமாம், எங்கள் வீட்டில் ஆள் போய்விட்டது என்று நாங்களே சொல்வதாக ஆகும். "சரி மதினி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் படியிறங்கிப் போன பிறகுதான் தட்டு கையில் கனத்தது. என் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸ் செத்துப்போனார் என்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. காணவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் மாதத்திலிருந்து காணவில்லை.

"ஏளா எமரன்சி, சட்டி வச்சிட்டியா?" மாமி முன்னறையிலிருந்து கேட்கிறாள். மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சமும் நிழலும் தெரியும், ஆள் முகம் தெரியாது. கண் போகப் போகக் காது கூர்மையாகிக்கொண்டே வருகிறது, நான் மூச்சை மாற்றி விட்டால்கூட என்ன என்று கேட்பாள். "வச்சிட்டேன் மாமி." "மாவுல சிலுவ போட்டியா?" "போட்டேன்." கரண்டிக் காம்பால் மாவின் மேல் போட்டது உண்மைதான், ஆனால் கோடு இரண்டும் தங்கவில்லை, கிழித்த கையோடு மாவு ஒன்றாகக் கூடிவிட்டது. "மாவு எப்படி இருக்கு? உங்க வேம்பாருல மோரு மாதிரி கரைப்பிய. அப்படி இருந்தா அச்சுல நிக்காது." "வேம்பாரு முறுக்கத் தின்னுட்டுத்தான ஒங்க மவன் என்னையக் கட்டுனாங்க?" "முறுக்குக்காகவா கட்டுனான்? ஒங்க அப்பன் வள்ளத்தப் பாத்துல்லா கட்டுனான்." மாமி சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டோம், யாரோ வாசலில் வந்து நின்றதுபோல. யாருமில்லை. அரிசியை நேற்றே ஊறப்போடச் சொன்னது மாமிதான். கல்லுப்போல உட்கார்ந்துகொண்டு சொன்னாள், எம்மவன் மொழி தெரியாத ஏதோ ஒரு கரையில மாட்டிக்கிட்டுக் கெடக்கான், இந்த வீட்டுல சட்டி வைக்காம விட்டா அவன் வார வழி அடைஞ்சிரும், அச்சு முறுக்காவது சுடு என்று. தட்டு வந்ததும் யார் கொண்டுவந்தது என்று கேட்டாள். வேலைக்காரி என்று சொன்னேன். "அப்போ நல்லா நெறச்சி அனுப்பு" என்றாள். ஹில்டா மதினி தானே வந்தாள் என்று தெரிந்தால் மாமிக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து நெஞ்சில் அறைந்துகொள்ள ஆரம்பித்துவிடுவாள்.

இப்போது காம்பு துடிக்கிறது. அச்சை எண்ணெயிலிருந்து எடுத்து மாவில் முக்கால் அளவு இறக்குகிறேன், முழுதும் முங்கக் கூடாது, முங்கினால் மாவு மேலே மூடிக்கொள்ளும், பிறகு முறுக்குப் பூ இரும்பை விட்டுக் கழலாது. சுர்ரென்று ஒரு சத்தம். திரும்ப எண்ணெயில். நுரை கட்டுகிறது, சின்னச் சின்னக் குமிழாக, பூவின் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும். ஆட்டுகிறேன். விடவில்லை. மறுபடியும் ஆட்டுகிறேன். போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு இந்த அச்சு எண்ணெயைப் பார்க்கவில்லை, முதல் இரண்டு மூன்று விடாமல் இருப்பது வழக்கம்தான். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் என்று மனசுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொள்கிறேன். "விடலியா?" என்கிறாள் மாமி. "விட்டுட்டு மாமி." "பொய் சொல்லாத. விட்டா சத்தம் வேற." கத்தி முனையால் சுரண்டி எடுக்கிறேன், கருகின துண்டு துண்டாக வருகிறது. மணம் மட்டும் சரியாக இருக்கிறது, தேங்காய்ப்பாலும் முட்டையும் எள்ளும் சேர்ந்த கிறிஸ்துமஸ் மணம், அது ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகும், ஹில்டா மதினியின் அடுக்களை ஜன்னலுக்கும் போகும். அவளுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தில் பேச்சுச் சத்தம் இருந்தது, இப்போது இல்லை. எப்போது நின்றது? நான் அச்சை இறக்கினபோதா, அதற்கு முன்பா? அந்த வீட்டில் மதினியின் வீட்டுக்காரர், தோணித் தண்டல் கஸ்பார் அண்ணன் இருக்கிறார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் தோணியில் ஏறவில்லை. தோணிக்குத் தலைவனாக இருபது வருஷம் போய்வந்தவர் இப்போது பகலெல்லாம் உள்ளறையிலேயே இருக்கிறார், இருமினால்தான் இருக்கிறார் என்று தெரியும். இப்போது இருமலும் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் அசையாமல் நின்று என் எண்ணெயைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.

ஒன்பது பேர் தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனார்கள், எட்டுப் பேர் வந்தார்கள். புயல் இல்லை, காற்றில்லை, தோணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. எட்டுப் பேரும் எங்கள் வாசலுக்கு எதிரில் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள், ஒருத்தரும் உள்ளே வரவில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எட்டு நிழலும் சுவரில் மடங்கிக் கிடந்தன. நான் எண்ணினேன். எண்ணக் கூடாது என்று தெரிந்தும் எண்ணினேன். இஞ்சின் டிரைவரான என் வீட்டுக்காரர் எங்கே, பின்னால் வருகிறாரா என்றுதான் நினைத்தேன். கஸ்பார் அண்ணன் பையை நீட்டினார். "திரும்பி வாரப்போ ரெண்டாம் நாள். விடியக்காலம். கடலு எண்ணெ மாதிரி கெடந்துச்சு தாயி" என்றார். "இஞ்சின் ரூம் வாசல்ல டீ கிளாசு இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சு. ஆளக் காணும்." அதையே போலீஸிலும் சொன்னார், துறைமுகத்திலும் சொன்னார், பங்குச் சாமியாரிடமும் சொன்னார், ஒரு வார்த்தை மாறாமல். கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. கிளாஸ் சூடாக இருந்தது. ஆளைக் காணோம். எனக்கு அந்த டீ தொண்டையில் நிற்கிறது. என் வீட்டுக்காரருக்கு டீ போடத் தெரியாது. கல்யாணமான ஏழு வருஷத்தில் ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. நான் காய்ச்சலில் கிடந்த அன்றுகூடப் பக்கத்துக் கடைக்குப் போய்த் தூக்கில் வாங்கிவந்தார். அப்படியானால் சமையல்காரர் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தவர் கையில் கொடுத்தாரா, வாசலில் வைத்துவிட்டுப் போனாரா? கையில் கொடுத்தால் முகத்தைப் பார்த்திருப்பார். முகம் எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு டீ ஆற எவ்வளவு நேரம்? கடல் காற்றில் அதைவிடச் சீக்கிரம் ஆறும். அவ்வளவு நேரத்துக்குள் ஒரு ஆள், சத்தமில்லாமல், தட்டையான கடலில். விழுந்தால் சத்தம் வரும். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கேட்காது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா? இதைக் கேட்க வேண்டும் என்று எட்டு மாதமாக நினைக்கிறேன். கேட்டதில்லை. கஸ்பார் அண்ணன் எதிரே வந்தால் என் கண் தானாகத் தரையைப் பார்க்கிறது, அவருடைய கண்ணும் தரையைத்தான் பார்க்கிறது, ஒரே இடத்தில் எதையோ தவறவிட்டவர்கள் மாதிரி இரண்டு பேரும் நிற்போம், பிறகு விலகிப்போவோம். பையில் இரண்டு கைலி, ஒரு சட்டை, சவரக் கத்தி, செருப்பு, பிளாஸ்டிக் உறையில் ஒரு சோப்பு. சோப்பை எடுத்தால் ஈரமாக இருந்தது. அவர் காணாமல்போய்ப் பதினோரு நாள் ஆகியும் ஈரம். உறைக்குள் வேர்த்திருக்கும் என்று மாமியின் தங்கை மகள் சொன்னாள். வேர்த்திருக்கும். நுரை காயாமல் ஒரு பக்கம் விரல் தடம் இருந்தது, அதை நான் யாரிடமும் காட்டவில்லை.

நாலாவது பூ விட்டது. அச்சை லேசாகத் தட்டினேன், கழன்றது, தனியாக எண்ணெயில் மிதக்கிறது. மாமி உள்ளிருந்து "ம்" என்றாள். இனி வரிசையாக வரும். முக்கி, பொரித்து, தட்டி, திருப்பி, ஈர்க்குச்சியால் கோர்த்து எடுத்து, முறத்தில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல். ஒன்று, அடுத்தது, அடுத்தது. எல்லாம் ஒரே முகம். அச்சு ஒன்று, பிறகு எப்படி வேறாக இருக்கும்? இரும்பைச் சுற்றி மாவு பிடிக்கிறது, இரும்பு வெளியே வந்துவிடுகிறது, இரும்பு இருந்த இடம் மட்டும் மிஞ்சி மிதக்கிறது. இதையெல்லாம் போன வருஷம் நினைக்கவில்லை. போன வருஷம் அவர் இங்கே, இந்த மேடைக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சூடாக எடுக்க எடுக்கத் தின்றார், ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு பிஷப் மோதிரம் என்று மாமியை உதட்டில் ஒற்றி முத்தி செய்யச் சொன்னார், மாமி கையைத் தட்டிவிட்டு "சவத்தெழவே, அடுத்த வருசம் ஒனக்குக் கிடையாது" என்றாள். சும்மா சொன்னது. ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். அதை நான் நினைத்தேன் என்று மாமிக்குத் தெரிந்தால்? அவளும் நினைத்துக்கொண்டுதான் இருப்பாள், அதனால்தான் சட்டி வைக்கச் சொல்கிறாளோ என்னவோ. டக். முறத்திலிருந்து ஒரு சத்தம். ஆறும்போது பூ இப்படித்தான் நெரியும், எண்ணெய் இறங்கி, மேல்தோல் இறுகி, டக் என்று. தெரியும். டக். இன்னொன்று. மெதுவாக, விட்டுவிட்டு, பல்லில் கடித்து, மென்று, அடுத்ததை எடுப்பதற்கு ஆகிற நேரம் விட்டு. டக். முறம் எனக்குப் பின்னால், தரையில், அவர் உட்கார்கிற இடத்தில் இருக்கிறது. எண்ணெய் கொதிக்கும்போது முதுகைக் காட்டித் திரும்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம், திரும்பாமல் இருக்க அது போதும். "ஏளா" என்கிறாள் மாமி. "என்ன மாமி?" "யாருளா அங்க திங்கா?" கையில் அச்சு நிற்கிறது. மாவு சொட்டி எண்ணெயில் விழுந்து சிதறுகிறது, மணிக்கட்டில் ஒரு பொட்டு சுடுகிறது. "ஆறுது மாமி. அதான் சத்தம்." மாமி ஆறுதலாக, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல், "திங்கட்டும்" என்கிறாள்.

மூன்று இருபது. தட்டில் அவர்கள் வீட்டு முந்திரிக்கொத்தும் கல்கல்லும் வெள்ளைத் துணிக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்தாக வேண்டும். கல்கல்லை ஹில்டா மதினி புதுச் சீப்பின் பல்லில் உருட்டுவாள், எல்லாரையும்போல முள்கரண்டியில் இல்லை, அதனால் அவள் கல்கல்லில் கோடு நெருக்கமாக விழும், சோழியைப்போல. ஒவ்வொரு கோட்டையும் அவள் எனக்காக உருட்டினாள், இது சாவு வீட்டுக்கு என்று நினைத்துக்கொண்டே உருட்டினாள். அவளுக்கு யார் சொன்னது? இதை நான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன், ஆனால் எனக்குப் பதில் தெரியும், பதிலைத் தொடாமல்தான் சுற்றுகிறேன். நான்தான் சொன்னேன். வாயால் இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் சீட்டுக் கொடுத்தார்கள். இறந்தவர்கள் பெயரை எழுதிப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெட்டியில் போட்டால் மாதம் முழுதும் அவர்களுக்காகப் பூசை வைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் எழுதுவதுதான். அப்பா பெயர், அம்மா பெயர், மாமனார் பெயர். பேனாவைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், பின்னால் ஆட்கள் நின்றார்கள், சீக்கிரம் எழுதினேன். மாமனார் பெயருக்குக் கீழே கை நிற்கவில்லை. மடித்துப் பெட்டியில் போட்டேன். பாடல் தொடங்கி, இரண்டாவது அடி வரும்போதுதான் நான் எழுதினதை என் மனசு வாசித்தது. நாலு பெயர். நாலாவது, பெர்க்மான்ஸ். அப்படி எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. அக்டோபரில் ஒருநாள் விடிந்து எழுந்தபோது நான் பாய்க்குக் குறுக்கே, இரண்டு பேர் இடத்தையும் எடுத்துக்கொண்டு, கனவில்லாமல் தூங்கியிருந்தேன். உடம்பு லேசாக இருந்தது. அது லேசாக இருந்ததை உடனே மறைத்தேன், யாரிடமிருந்து மறைத்தேன், அறையில் யாரும் இல்லை. ஆனால் கை பார்த்துவைத்திருந்தது. கை காத்திருந்து நவம்பரில் எழுதிவிட்டது. பெட்டியைத் திறந்து எடுத்துத் தாருங்கள் என்று யாரிடம் கேட்பது? ஹில்டா மதினி பீடம் துடைக்கிற சபையில் இருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பெட்டியைத் தூக்கித் துடைத்து வைப்பது அவள்தான். பூட்டில்லாத பெட்டி. என் எழுத்து அவளுக்குத் தெரியும். அவள் பார்த்தாள், பெண்டாட்டியே எழுதிவிட்டாள், இனி நாம் தட்டு கொண்டுபோகலாம் என்று தீர்மானித்தாள். எட்டு மாதம் யாரும் சொல்லாததை நான் சொன்னேன். மாதம் முழுதும், ஒவ்வொரு நாளும், சாமியார் பெட்டிமேல் தண்ணீர் தெளித்து ஜெபித்தார், என் வீட்டுக்காரர் எங்கேயாவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், ஒரு கரையில், ஒரு பாயில், ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணீர் அவர்மேல் விழுந்திருக்கும். அவர் ஏன் என்று தெரியாமல் முகத்தைத் துடைத்திருப்பார்.

அதனால்தான் சுடுகிறேன். மாமிக்காக என்று மாமி நினைக்கட்டும். நாலு மணிக்கு இந்தத் தட்டு நிறைந்து போனால், அதை ஹில்டா மதினி கையில் வாங்கிக்கொண்டால், சீட்டு இல்லையென்று ஆகும். வாங்கினால் போதும். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். சீட்டை எழுதிய கையால் தட்டை நீட்டி, எழுதினது பிசகு, இந்த வீட்டில் சட்டி வைத்தோம், என் வீட்டுக்காரர் வருவார் என்று நான் சொன்னதாக ஆகிவிடும். தெரு முழுதும் அதைத்தான் வைத்துக்கொள்ளும். எனக்கு அவர் வர வேண்டுமா என்று கேட்டால்? யாரும் கேட்கவில்லை. மூன்று முப்பத்தைந்து. ஒரு ஆள் எட்டு மாதம் கழித்துத் தட்டையான கடலிலிருந்து வந்து வாசலில் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், உடம்பு தெரிகிறது, கைலி தெரிகிறது, நனைந்த தலைமுடி தெரிகிறது, முகத்துக்குப் போனால் மட்டும் பூவில் இருக்கிற ஓட்டைபோல அங்கே ஒன்றுமில்லை, பின்னாலிருக்கிற தெரு தெரிகிறது. டீசல் நாற்றம் அடிக்கிறது. இது எங்கிருந்து வருகிறது? தெருவில் ஆட்டோ போயிருக்கும். ஆட்டோச் சத்தம் கேட்கவில்லை. அவர் தோணியிலிருந்து வந்தால் மூன்று நாளைக்கு இந்த நாற்றம் வீட்டில் நிற்கும், எத்தனை முறை தேய்த்துக் குளித்தாலும். நான் மூக்கைச் சுளித்தால் கோபப்படமாட்டார், மொட்டை மாடிக்குப் போய்விடுவார். ஒரு பயணம் முடிந்து வந்தால் நாலு நாள் பேச்சே இருக்காது, காதில் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கு, நீ சொல்றது கேக்கல என்பார். கடைசிப் பயணத்துக்கு முன்னால் அப்படியே மாடியில் உட்கார்ந்திருந்தார். நான் சோறு கொண்டுபோனேன். "எமரன்சி, இஞ்சின நிப்பாட்டுனா எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றார். "நிப்பாட்டுனா தோணி நிக்கும்" என்றேன். சிரித்தார். நல்ல சோறு என்று சொல்லித் தின்றார். இப்போது எண்ணெய் அடங்கியிருக்கிறது, அடுப்பு தணிந்துவிட்டதா, சட்டியில் ஒரு குமிழ் இல்லை, தட்டையாக, கறுப்பாக, வாய்வரை நிறைந்து நிற்கிறது. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது என்று கஸ்பார் அண்ணன் சொன்னது இதுதான். குனிந்து பார்த்தால் என் தலை தெரிகிறது. என் தலைக்குப் பக்கத்தில் கதவு நிலை தெரிகிறது. நிலையில் ஏதோ சாய்ந்திருக்கிறது. தீயைக் கூட்டுகிறேன், எண்ணெய் அசைந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. மாவு தீர இன்னும் ஏழெட்டு இருக்கும். திரும்பிப் பார்க்காமல் சுடுகிறேன்.

கடைசிப் பூவை எடுத்தபோது நாலாக ஐந்து நிமிஷம். அடுப்பை அணைத்தேன். பிறகு திரும்பினேன். நிலையில் யாரும் இல்லை, மாமியின் துண்டு ஆணியில் தொங்குகிறது. முந்திரிக்கொத்தையும் கல்கல்லையும் ஒரு தூக்கில் கொட்டினேன். தட்டை ஈரத்துணியால் துடைத்து, பூவை அடுக்கினேன், உடையாமல், ஒன்றின்மேல் ஒன்று சாயாமல், வெளிவட்டம், உள்வட்டம், நடுவில் ஒன்று. தட்டு நிறைந்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது, நல்ல நிறத்தில் வந்திருந்தது, வேம்பார் நிறம். நாலு அடித்தது. தெருவில் செருப்புச் சத்தம் வந்து, நின்று, கழற்றுகிற சத்தம் கேட்டது. "வாராளா?" என்றாள் மாமி. "யாரு?" "தட்டுக்கு." "வேலைக்காரி மாமி" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

ஹில்டா மதினி மேல்படியில் நின்றாள். தட்டைப் பார்த்தாள். காலியாக இருக்கும் என்று வந்தவள் முகத்தில் கோபமோ ஆச்சரியமோ வரும் என்று நினைத்திருந்தேன், அல்லது ஒரு நொடி தயங்கிவிட்டு, உனக்கென்ன பைத்தியமா என்று முணுமுணுத்துக்கொண்டு வாங்குவாள் என்று. அவள் முகம் வெளுத்தது. இரண்டு கையையும் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பிடிங்க மதினி" என்றேன். மெதுவாகத்தான் பேசினேன், மாமிக்குக் கேட்காதபடி.

"இத நான் வாங்கக் கூடாது எமரன்சி."

"பண்டியலுக்குச் சுட்டது. வருசா வருசம் வாங்குறதுதான."

"வாங்குனா எனக்குப் பாவம்."

தட்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. நான் அதை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன், அவள் ஒரு படி கீழே இறங்கினாள். அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தது. எட்டு மாதம் வராதது.

"அந்தச் சீட்டுல நான் தெரியாம எழுதிட்டேன் மதினி. சத்தியமாத் தெரியாம. அத வச்சி நீங்க எதுவும் நெனச்சிக்கிடாதிய. அத எழுதுனதுக்கு என்ன தண்டனையோ எனக்கு வரட்டும். தட்ட மட்டும் வாங்கிக்கோங்க."

ஹில்டா மதினி நிமிர்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தச் சீட்டு?" என்றாள்.

அவள் நடிக்கவில்லை. அவளுக்கு நடிக்க வராது, சிரிப்பு வந்தால் பூசையிலேயே சிரித்துவிடுகிறவள். அவளுக்கு எந்தச் சீட்டும் தெரியாது. பெட்டியைத் துடைத்தாளே தவிரத் திறக்கவில்லை. அப்படியானால் அவள் என் எழுத்தைப் பார்த்துத் தட்டு கொண்டுவரவில்லை. வேறு எதையோ வைத்துக்கொண்டு வந்தாள். முந்திரிக்கொத்து உருண்டை பிடிக்கும்போது அது அவளிடம் இருந்தது, கல்கல்லை உருட்டும்போது இருந்தது, இப்போது தலைப்புக்குள் இறுக்கிக்கொண்டிருக்கிற கையில் இருக்கிறது. அவளுக்கு எழுத்து தேவையில்லை. அவளுக்குத் தெரியும். ஒரே சுவர், ஒரே உள்ளறை, எட்டு மாதம் ஒரே பாயில் இருமிக்கொண்டிருந்த கஸ்பார் அண்ணன் ஏதோ ஒருநாள் வாயைத் திறந்திருக்கிறார். வாயை விட்டு அது தானாக வந்துவிடுமோ என்று பயந்ததுபோல உதட்டை அழுத்திக் கடித்தாள். நான் ஒரு கேள்வி கேட்டால் போதும், அவள் சொல்லிவிடுவாள். அதற்காகவே நானே வந்து எடுத்துக்கிடுதேன் என்றாளோ என்று தோன்றியது.

என் கை வலிக்க ஆரம்பித்தது. தட்டைக் கீழே வைக்க இடமில்லை.

"ஏளா, வாங்கிட்டாளா?" மாமி முன்னறையிலிருந்து கேட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அந்தக் குரலில் தெரிந்தது.

ஹில்டா மதினி தலையை ஆட்டினாள், இல்லை என்பதுபோல, என்னிடம் கெஞ்சுவதுபோல.

"வாங்கிட்டா மாமி" என்றேன்.

உள்ளே நாற்காலி லேசாக முனகியது, மாமி சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். தட்டை இடுப்பில் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் கதவை எனக்குப் பின்னால் சாத்தினேன். நாதாங்கி சத்தம் போடாமல் விழுகிற வரைக்கும் பிடித்திருந்தேன். பிறகு படியிறங்கி, அவளுக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றேன்.

"இப்போ சொல்லுங்க மதினி."